ஏன் குறைந்தது?

போன மாதம் காரில் பிரேக் ஆயில் குறைந்திருந்தது. ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துபோனேன். சென்ற சனிக்கிழமை சுவா சூ காங் அவென்யூ 4 சிவப்பு விளக்கில் மிதித்தபோது பெடல் பஞ்சுபோல் உள்ளே போனது. மறுபடி மிதித்த பிறகே கார் நின்றது. பின்னிருக்கையில் மகள்.

இழுவை வண்டியில் பட்டறைக்குக் கொண்டுபோனேன். குழாயில் கசிவு, காற்றும் புகுந்திருந்தது. ஆயில் சுருங்காமல் மிதிக்கும் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும். காற்றோ சுருங்கி அதை விழுங்கிவிடும்.

குழாயை மாற்றியபின் நான் பெடலை மிதித்துப் பிடிக்க, மெக்கானிக் அண்ணன் சக்கரத்தருகே திருகைத் தளர்த்தினார். குமிழ்களோடு ஆயில் வெளியேறியது. திருகை இறுக்கிய பிறகே காலை எடுக்கச் சொன்னார். இல்லாவிட்டால் காற்று திரும்பவும் புகுந்துவிடுமாம். நான்கு சக்கரத்துக்கும் இதேதான்.

“பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருளா தம்பி இது? குறைந்தால் கசிவு, இல்லையென்றால் பிரேக் பேட் தேய்ந்திருக்கும்,” என்றார்.

நிரப்புவதற்கு முன் ‘ஏன் குறைந்தது?’ என்று கேளுங்கள்.