எந்தக் காலனி?

தில்லி மோதி பாக்கில் ஆட்டோக்காரரிடம் "காலனி கேட்டுப் பக்கம் நிறுத்துங்க" என்று சொல்ல யாருக்கும் நாக்கு கூசாது. அரசு ஊழியர் குவார்ட்டர்ஸும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும் உள்ள இடம் அது. தில்லியில் டிபன்ஸ் காலனி என்றால் பணக்காரப் பேட்டை. இன்றைய சித்தரஞ்சன் பார்க் ஒரு காலத்தில் கிழக்குப் பாகிஸ்தான் அகதிகளின் காலனி. அங்கே அந்தச் சொல்லுக்குக் குடியிருப்பு என்பதற்கு மேல் பொருளில்லை.

அதனால்தான், 2025 ஏப்ரலில் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தது தில்லித் தமிழருக்குப் புதிராகப் படலாம். அந்தச் சொல் வெள்ளைக்காரன் ஆட்சியை நினைவூட்டுகிறது என்பதாலா இந்த நீக்கம்? இல்லை. காரணம் புரிய, சொல் வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

சொல்லின் வேர் லத்தீன். 'கொலேரே' என்றால் உழுதல், பேணுதல். 'கல்ச்சர்' பிறந்ததும் அதிலிருந்துதான். உழுபவன் 'கொலோனுஸ்'. ரோமானியர் தாங்கள் பிடித்த மண்ணில் ஓய்வுபெற்ற படைவீரர்களைக் குடியேற்றி, அந்த ஊர்களைக் 'கொலோனியா' என்றார்கள். ஜெர்மனியின் கொலோன் நகரப் பெயர் அதுவே. இங்கிலாந்தின் லிங்கன் ஊர்ப் பெயரின் கடைசி அசையிலும் அதுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உலகையே காலனியாக்கியவர்களும் ஒருகாலத்தில் காலனியாக இருந்தவர்கள்தான்! பின்னாளில் பேரரசுகளின் அடிமை நாட்டுக்கும், எறும்புக் கூட்டத்துக்கும், வரிசை வீடுகளுக்கும் அதே பெயர் போனது.

தமிழகக் கிராமத்தில் அதற்கு வந்த பொருள் வேறு. பட்டியல் சாதியினருக்கு அரசு மனை ஒதுக்கியது பெரும்பாலும் ஊருக்கு வெளியே, பழைய சேரியை ஒட்டித்தான். சேரி என்ற பெயர் போய்க் காலனி வந்தது; ஊருக்கும் அதற்கும் நடுவே இருந்த கோடு போகவில்லை. "ஊரா, காலனியா?" என்று ஒருவர் கேட்டால், அவர் விசாரிப்பது முகவரியை அல்ல, சாதியை. ரேஷன் கார்டின் ஒரு வரி, வேலைக்கு விண்ணப்பிக்கும் பையனை அவன் வாய் திறக்கும் முன்பே காட்டிக்கொடுத்துவிடும். ரயில்வே காலனிக்காரருக்கு இந்தச் சங்கடம் கிடையாது.

ஆக, அரசின் முடிவு சரியானதே. ஆனால் பெயர் மாறினால் பட்டா, ஆதார், வாக்காளர் அட்டை எல்லாம் மாற வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு அதற்காகத் தாலுகா ஆபீஸில் வரிசை நிற்கும் நிலை அந்த மக்களுக்கு வரக் கூடாது. திருத்தத்தை அதிகாரிகளே தெருவுக்கு வந்து, கட்டணமின்றிச் செய்து கொடுக்கட்டும்.