கூடலும் உறையூரும்: ஓர் இருக்கைக் கணக்கு

மதுரையிலிருந்து வெளிநாடு செல்லப் போதிய பயணிகள் இல்லை, ஆகவே விமானங்களும் இல்லை என்ற விளக்கத்தை நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம். மேலூரும் துவரங்குறிச்சியும் விராலிமலையும் கடந்து, கூரைமேல் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு இரவில் திருச்சிக்கு விரையும் வாடகைக் கார்களைக் கண்டவர்கள் இதை நம்ப மாட்டார்கள். அந்தக் காரில் இருப்பவர் மதுரைப் பயணி. ஆனால் விமான நிலையப் பேரேட்டில் அவர் திருச்சிக் கணக்கில் ஏறுகிறார்.

பாண்டியருக்கும் சோழருக்கும் இருந்த பழைய பகையை இதில் தேட வேண்டியதில்லை. இன்றைய போட்டியின் முடிவு தில்லியில் எழுதப்படுகிறது. அயல்நாட்டு விமான நிறுவனம் ஒன்று எந்தெந்த நகரங்களுக்கு வரலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கைகளை இயக்கலாம் என்பதை இரு அரசுகளுக்கிடையிலான ஒப்பந்தமே வரையறுக்கிறது. 2003இல் இந்தியா தென்கிழக்கு ஆசிய நாடுகளின் விமானங்களுக்குத் தாராளமாகக் கதவைத் திறந்தது. வரம்பின்றி வந்துபோகலாம் என்று குறிக்கப்பட்ட பதினெட்டுச் சுற்றுலாத் தலங்களில் திருச்சிராப்பள்ளி இருந்தது, மதுரை இல்லை. மீனாட்சி கோயில் இருக்கும் ஊர் சுற்றுலாப் பட்டியலில் விடுபட்டதன் விந்தையை என்னென்பது! 2008இல் ஏர் ஏசியா இந்தியாவில் முதன்முதலாக இறங்கிய ஊர் திருச்சிதான்.

வளைகுடாவின் கதை சற்று வேறு. துபாயுடன் 2014இல் ஏற்பட்ட உடன்பாடு, ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்கு ஏறத்தாழ 65,000 இருக்கைகள் என்று வரம்பிட்டது. இருக்கை அளவோடுதான் கிடைக்கும் என்றால், எந்த நிறுவனமும் அதை முதலில் மும்பைக்கும் தில்லிக்குமே தரும். எஞ்சியதற்குத்தான் சிறு நகரங்கள் தம்முள் முட்டிக்கொள்கின்றன. 2022இல் துபாய் மேலும் இருக்கைகளையும் புதிய ஊர்களையும் கேட்டபோது அந்தப் பட்டியலில் திருச்சியும் கோவையும் இருந்தன. அங்கும் மதுரை இல்லை. பேரேட்டில் இல்லாத ஊரை யார் கேட்பார்கள்?

உள்நாட்டு நிறுவனங்களைக் காக்கவே இந்த வரம்பு என்பார்கள். நம் பயணிகளை வளைகுடா வழியாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அயலார் அள்ளிச் செல்கிறார்கள் என்ற கவலை பொய்யன்று. இந்திய விமானங்கள் மதுரையிலிருந்து பறக்க அயலாருக்குள்ள தடையும் இல்லை. ஆனால் அவர்களிடமும் விமானங்கள் எண்ணிக்கையில்தான் உள்ளன. அவர்களும் அதே பேரேட்டைப் பார்த்தே அனுப்புகிறார்கள். காப்பின் பயன் நிறுவனத்துக்கு; அதன் செலவு, நள்ளிரவில் 135 கிலோமீட்டர் கார் வாடகை கொடுக்கும் தொழிலாளிக்கு. இந்தப் பங்கீடு எனக்கு நியாயமாகப் படவில்லை.

மதுரையின் ஓடுபாதை குறுகியது என்பதும், அதை நீட்ட நிலம் எடுப்பதில் நம் மாநிலம் காட்டிய மந்தமும் உண்மையே. ஆயினும் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ செல்லும் சிறு விமானங்களுக்கு அந்த ஓடுபாதை போதும். இலங்கை விமானங்கள் பல ஆண்டுகளாக அங்கு வந்து செல்கின்றன. அவை பயணிகளைக் கண்டுபிடித்தது எப்படி?

திருச்சியின் வளர்ச்சியில் எனக்குப் பொறாமை இல்லை. 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அதன் புதிய முனையம் கண்ணுக்கு நிறைவானது. மதுரையின் தேவையை அளக்க விரும்பும் அதிகாரிகள் அந்த முனையத்தின் வாசலில் ஒரு வாரம் நிற்கட்டும். வந்து நிற்கும் வண்டிகளில் டி.என். 58, 59, 63, 65 என்ற பதிவெண்களை மட்டும் எண்ணட்டும்.