மருந்துச் சீட்டில் நாம் கணக்கில் எடுக்காத மாத்திரை

பேக்லிடாக்செல் ஏற்றுவதற்கு முன் டெக்சாமெத்தசோன், ஓர் அவில் ஊசி, கூடவே ரானிடிடினோ ஃபாமோடிடினோ. புற்றுநோய் வார்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இது மனப்பாடம். ஒவ்வாமை வராமல் இருக்கத்தானே என்று போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுகிறோம். ஹிஸ்டமினின் ஹெச்1, ஹெச்2 ஏற்பிகள் இரண்டையும் அடைத்துவிட்டுத்தான் கட்டிக்கு மருந்து அனுப்புகிறோம் என்பது நம் நினைவுக்கு வருவதே இல்லை. திசுக்களில் ஹிஸ்டமினைச் சேமித்து வைத்திருப்பவை பெரும்பாலும் மாஸ்ட் செல்கள். அவை பல புற்றுக்கட்டிகளின் உள்ளேயும் விளிம்பிலும் இருக்கின்றன. ஒவ்வாமையையும் புற்றுநோயையும் இந்த இதழின் ஆசிரியர் உரையில் சேர்த்துப் பேச அதுவே காரணம்.

பால் எர்லிக் 1878-இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் இந்த செல்களைச் சாயமேற்றி அடையாளம் காட்டினார். ஹிஸ்டமின் இவற்றில்தான் இருக்கிறது என்பதை 1953-இல் ரைலியும் வெஸ்ட்டும் நிறுவினார்கள். அறுபதுகளின் பிற்பாதியில் ஐஜிஇ கண்டறியப்பட்டதும் கதை முடிந்துவிட்டதாகவே பலரும் எண்ணினார்கள். ஐஜிஇ ஒட்டும், ஒவ்வாப் பொருள் வந்து பிணைக்கும், துகள்கள் வெடித்துக் கொட்டும். நாம் எல்லோரும் படித்துத் தேர்வெழுதிய மாஸ்ட் செல் இதுதான்.

இந்தப் பாடத்தின் குறையை விடாமல் சுட்டிக்காட்டி வருபவர்களில் ஒருவர், கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர் ஜீன் மார்ஷல். அவரும் சக ஆய்வாளர்களும் 1994-இல் வெளியிட்ட கட்டுரையை இன்றும் எடுத்துப் படிக்கலாம். எலியின் வயிற்றறையிலிருந்து எடுத்த மாஸ்ட் செல்களின்மீது பாக்டீரியாவின் லிப்போபாலிசாக்கரைடைச் சேர்த்தபோது அவை இன்டர்லூகின்-6 சுரந்தன. அதற்கு முன்னோட்டமாக ஹிஸ்டமின் வெளியேற வேண்டிய அவசியம் இருக்கவில்லை. துகள் கொட்டாமலேயே இந்த செல் வேலை செய்யும், எதைச் சுரப்பது என்பதைத் தூண்டுதலைப் பொறுத்து மாற்றிக்கொள்ளும் என்பது இதிலிருந்து கிடைத்த பாடம். ஒவ்வாமைக்கான செல் என்று நாம் ஒதுக்கி வைத்தது, கிருமி நுழையும் வாசல்களில் நிற்கும் காவல்காரன்.

இந்தப் பாடத்தைக் கட்டிக்குப் பொருத்திப் பார்த்தால் என்ன ஆகும்? 2010-இல் மார்ஷலின் குழு அதைச் செய்தது. டிஎல்ஆர்2 ஏற்பியைத் தூண்டும் ஒரு மூலக்கூறைக் கொடுத்தபோது சுண்டெலிகளில் மெலனோமா கட்டியின் வளர்ச்சி குறைந்தது. அந்தப் பலன் கிடைக்க மாஸ்ட் செல்கள் தேவைப்பட்டன. அந்த செல்களில் டிஎல்ஆர்2 ஏற்பியும் அவை சுரக்கும் இன்டர்லூகின்-6-உம் தேவைப்பட்டன. ஆனால் அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே, 1999-இல், கூசன்ஸும் ஹனஹனும் நேரெதிரான படத்தைக் காட்டியிருந்தார்கள். ஹெச்பிவி16 மரபணுக்களைத் தாங்கிய சுண்டெலிகளின் தோலில், புற்றுக்கு முந்தைய நிலையிலேயே மாஸ்ட் செல்கள் வந்து குவிந்து புது ரத்தக் குழாய்கள் முளைக்க உதவின. 2007-இல் கணையத் தீவுக் கட்டிகளில் குரோமோலின் கொடுத்து மாஸ்ட் செல்களை அடக்கியபோது கட்டி செல்கள் ஆக்சிஜன் இன்றி மடிந்தன. ஒரே செல் ஓரிடத்தில் கட்டிக்குத் துணை போகிறது, இன்னோரிடத்தில் பகையாகிறது. புராஸ்டேட்டில் இரண்டும் ஒரே உறுப்புக்குள் நடக்கின்றன: கட்டியின் உள்ளே இருப்பவை வளர்ச்சியை மட்டுப்படுத்துவதாகவும் சுற்றி இருப்பவை ஊக்குவிப்பதாகவும் 2010-இல் ஒரு ஸ்வீடிஷ் குழு எழுதியது.

நோயியல் நண்பர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. மொத்த எண்ணிக்கையை மட்டும் எழுதிவிட்டு, கட்டியின் உள்ளா விளிம்பா என்று சொல்லாத அறிக்கையால் யாருக்கும் பயனில்லை. ஹெச்-இ சாயத்தில் இந்த செல்கள் எளிதில் கண்ணில் படுவதில்லை. டொலுயிடின் ப்ளூ அல்லது டிரிப்டேஸ் சாயம் போட்டுப் பார்த்து எழுதியதா என்பதையும் குறிப்பிடுங்கள்.

மார்ஷல் குழுவின் பணிகளில் நம் அன்றாடத்துக்கு மிக அருகில் வருவது 2016-ஆம் ஆண்டுக் கட்டுரை. வாயு, புளியேப்பம் என்று வருகிற எல்லோருக்கும் நாம் எழுதித்தந்த அதே ரானிடிடினைச் சுண்டெலிகளுக்கு வாய்வழியே கொடுத்தார்கள். மார்பகக் கட்டியின் வளர்ச்சியும் பரவலும் குறைந்தன. மருந்து கட்டியை நேராகத் தாக்கவில்லை; எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் மோனோசைட் வகை செல்களின் எண்ணிக்கையை மாற்றியது, அந்த செல்களை அகற்றிவிட்டால் பலனும் போய்விட்டது. மனிதர்களில் ஹெச்2 தடுப்பான்கள் பற்றிய கேள்வி இதைவிடப் பழையது. 2002-இல் ஜப்பானில் மட்சுமோட்டோ குழு, பெருங்குடல் புற்று அறுவைக்குப் பின் 5-ஃப்ளூரோயுராசிலுடன் சிமெடிடின் சேர்த்துக் கொடுத்ததில் பத்தாண்டு உயிர்வாழ்வு 84.6 சதவீதம், கொடுக்காதவர்களில் 49.8 சதவீதம் என்று அறிவித்தது. எண்கள் மலைக்க வைக்கும். ஆனால் நோயாளிகள் மொத்தமே 64 பேர். அதிலும் சிமெடிடின், புற்று செல்கள் ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டுவதைத் தடுப்பதாகத்தான் விளக்கம் சொல்லப்பட்டது. அது ஹிஸ்டமின் சம்பந்தப்பட்ட விஷயமாகவே இல்லாமலும் இருக்கலாம்.

ஹெச்1 பக்கமும் கதை நகர்ந்திருக்கிறது. 2022-இல் டெக்சஸின் எம்.டி. ஆண்டர்சன் மையத்திலிருந்து வந்த ஆய்வின்படி, கட்டியில் உள்ள மேக்ரோஃபேஜ்கள்மீது ஹிஸ்டமின் ஹெச்1 ஏற்பி வழியே செயல்பட்டு டி செல்களை முடக்குகிறது. இம்யூனோதெரபியின்போது தற்செயலாக ஆன்டிஹிஸ்டமின் எடுத்துக்கொண்டவர்களின் பழைய பதிவுகளில் பலன் மேம்பட்டுத் தெரிந்தது.

இதைப் படித்ததும் சிலருக்குக் கை பரபரக்கும். செட்ரிசின் மலிவு, ஆபத்து குறைவு, சேர்த்து எழுதினால் என்ன? எழுதக் கூடாது என்பதே இந்த இதழின் நிலைப்பாடு. பழைய பதிவுகளைப் புரட்டிச் செய்யும் ஆய்வில், ஆன்டிஹிஸ்டமின் எடுத்தவர்கள் வேறு பல வகைகளிலும் மற்றவர்களிடமிருந்து மாறுபட்டிருப்பார்கள். சுண்டெலி ஆய்வுகளுக்கும் தனிச் சிக்கல் உண்டு. மாஸ்ட் செல் இல்லாத சுண்டெலிகள் என்று நெடுங்காலம் பயன்பட்டவை கிட் மரபணு பழுதானவை. அவற்றில் பிற ரத்த செல்களும் சீர்கெட்டிருக்கும். கிட்டைத் தொடாமல் மாஸ்ட் செல்லை மட்டும் நீக்கிய சுண்டெலிகள் 2011-இல் வந்தபோது, தன்னெதிர்ப்பு நோய்களில் இந்த செல்லுக்குக் கற்பிக்கப்பட்ட சில பங்குகள் காணாமலே போயின. ஹெச்2 தடுப்பானிலோ நேரடித் தீங்குக்கே இடமுண்டு: எர்லோடினிப் போன்ற மாத்திரைகள் வயிற்று அமிலம் குறைந்தால் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. ரானிடிடினையே, என்டிஎம்ஏ மாசு காரணமாக அமெரிக்கா 2020-இல் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது; நம் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து 2022-இல் அது நீக்கப்பட்டது.

செய்யக்கூடியது ஒன்று உண்டு, செலவும் இல்லை. நம் கேஸ் ஷீட்டுகளில் கீமோ மருந்தின் அளவு மில்லிகிராம் சுத்தமாக இருக்கும். முன்மருந்து என்ற இடத்தில் வழக்கம்போல் என்று இருக்கும். எந்த ஹெச்1 தடுப்பான், எந்த ஹெச்2 தடுப்பான், எத்தனை நாள் என்று எழுதுங்கள். நோயாளி சளிக்கும் அரிப்புக்கும் மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடும் மாத்திரையைக் கேட்டு எழுதுங்கள். ஆஸ்துமா, தடிப்பு, உணவு ஒவ்வாமை உண்டா என்பதையும் சேருங்கள். இம்யூனோதெரபி பெறுவோரின் பதிவுகளை இப்படி ஓராண்டாவது வைத்திருக்கும் பிரிவுகள் இந்த இதழுக்கு எழுதுங்கள். பலன் தெரியாத பதிவுகளையும் வெளியிடுவோம்.