ஊருக்குப் போக எந்த வழி?

பள்ளி விடுமுறைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் டோம்பிவிலியிலும் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடமெல்லாம் இப்போது ஒரே பேச்சுதான்: டிக்கெட் எடுத்தாயிற்றா? முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பரிலிருந்து 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். எனவே மே மாதம் ஊருக்குப் போகிறவர்கள் மார்ச்சிலேயே வரிசைக்கு வந்துவிட்டார்கள். கிடைத்த வண்டியில் ஏறிக்கொள்வோம் என்பதுதான் பெரும்பாலோரின் நிலை. ஆயினும் நெல்லை, குமரி, தென்காசி மாவட்டத்தினருக்கு வழியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஓரளவு உண்டு. அதைப் பற்றித்தான் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

மும்பையிலிருந்து தெற்கே போகும் வழிகள் இரண்டு. இரண்டுமே சஹ்யாத்ரி மலையைச் சந்திக்காமல் போக முடியாது. முதலாவது பழைய வழி. கர்ஜத்திலிருந்து லோணாவளாவுக்கு ஏறி, புனேக்குப் பிறகு சில வண்டிகள் சோலாப்பூர், குண்டக்கல் வழியாகவும், சில மிரஜ், ஹுப்ளி வழியாகவும் போகின்றன. கர்ஜத்-லோணாவளா மலைப்பாதை 1863-ல் திறக்கப்பட்டது. 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். பின்னாலிருந்து துணை எஞ்சின்கள் தள்ளினால்தான் வண்டி மேலேறும். அந்த எஞ்சின்களை மாட்டுவதற்காக வண்டி நிற்கும் சில நிமிடங்களில்தான் கர்ஜத் வடாபாவ் புகழ் பெற்றது. இந்தப் பாதையைப் போட்ட ஒப்பந்தக்காரர் சாலமன் ட்ரெட்வெல் 1859-ல் இந்தியா வந்த சில வாரங்களுக்குள் நோயில் மாண்டார். அவருடைய மனைவி ஆலிஸ் ஒப்பந்தத்தைக் கைவிடாமல் பணியை நடத்தி முடித்துக் கொடுத்தார். காலராவிலும் விபத்திலும் மாண்ட ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளரின் பெயர்களை எந்தக் கல்லிலும் பொறிக்கவில்லை.

மலை அழகில் இந்தப் பாதை எதற்கும் குறைந்ததன்று. ஆனால் நம்மவர் ஏறும் வண்டிகள் பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ கிளம்புகின்றன. குழந்தைகளுக்கு சாப்பாடு கொடுத்து, படுக்கையை விரிக்கும் நேரத்தில் வண்டி மலை ஏறிவிடுகிறது. விழித்துப் பார்த்தால் தக்காணத்துக் கரிசல் காடு. எந்த வழி என்பதைவிட எந்த நேரத்தில் கடக்கிறது என்பதே முக்கியம் என்று நாம் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது கொங்கண் வழி. 1990-ல் கழகம் அமைத்து, ஸ்ரீதரன் தலைமையில் வேலை தொடங்கி, 1998 ஜனவரி 26-ல் முழுவதும் திறந்தார்கள். ரோஹாவிலிருந்து மங்களூருக்கு அருகே தோக்கூர் வரை 740 கிலோ மீட்டருக்குச் சற்று மேல். 90-க்கும் மேற்பட்ட குகைகள், சிறிதும் பெரிதுமாக சுமார் 2,000 பாலங்கள். ரத்னகிரியை நெருங்கும்போது வரும் கர்புடே குகை ஆறரைக் கிலோ மீட்டர் நீளம். ரத்னகிரிக்கு அப்பால் பன்வல் நதிப் பாலம் தரையிலிருந்து 64 மீட்டர் உயரம். கீழே தென்னந்தோப்பு புல்வெளிபோலத் தெரியும். (மும்பைக்கு அருகேயுள்ள பன்வேல் வேறு, இது வேறு.) கடலோர ரயில் என்று பெயரே தவிர, கடல் கண்ணில் படுவது அபூர்வம். அதை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். மலை, குகை, பள்ளத்தாக்கு, கடலைச் சேரப் போகும் அகன்ற ஆறு இவைதான் மாறி மாறி வரும். அதுவே போதுமானது.

குர்லா டெர்மினஸிலிருந்து முற்பகலில் கிளம்பும் நேத்ராவதி எக்ஸ்பிரஸ் பொழுது சாய்வதற்குள் ரத்னகிரிப் பகுதியைக் கடக்கிறது. கோவாவும் வட கன்னடமும் இருட்டில் போய்விடும். மறுநாள் பகல் முழுவதும் கேரளம். திருவனந்தபுரத்தில் இறங்கி நாகர்கோவிலுக்கு வண்டி மாற வேண்டியிருந்தாலும், மே மாதத்தில் பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒருமுறையாவது இந்த வழியில் போவது நல்லது என்பதே நம் கருத்து. குளிர்சாதனப் பெட்டியின் மூடிய கண்ணாடியைவிட சாதாரணத் தூங்கும் வசதிப் பெட்டியின் திறந்த ஜன்னலே இதற்கு ஏற்றது. பணமும் மிச்சம்.

போவது சரி, திரும்புவது எப்போது? ஜூன் நடுவில் மும்பைப் பள்ளிகள் திறக்கின்றன. தென்மேற்குப் பருவமழை கொங்கணத்தில் இறங்குவதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான். நம் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு திரும்பும் வாரமும், மலை கரையத் தொடங்கும் வாரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

கொங்கணத்து மண் அப்படிப்பட்டது. மேலே துளைகள் நிறைந்த செந்நிற வெட்டுக்கல். அதன் அடியில் களிமண். மழை நீர் கல்லின் வழியே இறங்கிக் களிமண்ணை ஊறச் செய்யும். களிமண் வழுக்கினால் மேலிருக்கும் கல்லும் மண்ணும் சேர்ந்து பாதையில் சரியும். மலையை வெட்டிப் பாதை போட்ட இடங்களிலெல்லாம் இந்த ஆபத்து இருக்கிறது. 2003 ஜூன் 22-ந் தேதி இரவு வைபவ்வாடி அருகே சரிந்து கிடந்த பாறைகளில் கார்வார்-மும்பை விடுமுறைச் சிறப்பு வண்டி மோதி, 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டே, 2004 ஜூன் 16-ந் தேதி, மங்களூரிலிருந்து மும்பை வந்த மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸ் ராய்கட் மாவட்டத்தில் பாலத்தருகே தடம்புரண்டு பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரண்டும் ஜூன் மாதத்தில், மும்பையை நோக்கி வந்த வண்டிகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த உயிர்ப்பலிக்குப் பிறகுதான் மழைக்கால எச்சரிக்கை கடுமையாயிற்று. மழைக்காலத்துக்கென்று தனி அட்டவணைப்படி வண்டிகள் குறைந்த வேகத்தில் ஓடுகின்றன. கனமழையில் முன்னால் பாதை தெரியாவிட்டால் மணிக்கு 40 கிலோ மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது உத்தரவு. சரிவுகளில் இரும்பு வலை கட்டியிருக்கிறார்கள். காளி, சாவித்திரி, வாசிஷ்டி ஆற்றுப் பாலங்களில் வெள்ள எச்சரிக்கைக் கருவி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 600-க்கும் மேற்பட்டவர்கள் இரவும் பகலும் மழையில் நனைந்தபடி பாதையோரம் நடந்து காவல் காக்கிறார்கள். நாம் மேல் படுக்கையில் நிம்மதியாக உறங்குவது அவர்கள் கையிலிருக்கும் விளக்கை நம்பித்தான். இவ்வளவு இருந்தும் 2024 ஜூலையில் பெர்னெம் குகையில் நீர் பெருக்கெடுத்தது. சில நாட்களிலேயே கேட் அருகே மண் சரிந்து ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் போக்குவரத்து நின்றது. பாதையைப் பார்த்து வண்டிகளை நிறுத்தியதால் உயிர்ச்சேதம் இல்லை.

ஆகவே மழைக்காலத்தில் வண்டி மெதுவாகப் போகிறது என்று முணுமுணுக்க நமக்கு நியாயம் கிடையாது. ஆனால் ரயில்வே நிர்வாகத்திடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. வழக்கமாக ஜூன் 10 முதல் அக்டோபர் 31 வரை இருந்த மழைக்கால அட்டவணையை 2025-ல் ஜூன் 15 முதல் அக்டோபர் 20 வரை என்று சுருக்கினார்கள். சரிவுகளைப் பலப்படுத்தும் வேலைகள் நடந்திருப்பதால் இது சாத்தியமாயிற்று என்று காரணம் சொல்லப்பட்டது. வேலை நடந்திருப்பதை நாம் மறுக்கவில்லை, பாராட்டுகிறோம். அக்டோபரில் பதினொரு நாள் குறைத்ததிலும் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஜூனில் ஐந்து நாள் தள்ளிப்போட்டதுதான் புரியவில்லை. அந்த 2025-லேயே பருவமழை மே 26-ந் தேதி மும்பைக்கு வந்துவிட்டது. பதிவேடுகள் தெரிந்தவரையில் இவ்வளவு சீக்கிரம் அது வந்ததில்லை. மழை முந்திக்கொண்ட ஆண்டில் அட்டவணை பிந்திக்கொண்டது!

பெருமழையில் வேகத்தைக் குறைக்கும் உத்தரவு எப்போதும் இருக்கிறதே என்று அதிகாரிகள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் வேக அட்டவணையைக் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகப் போ என்று சொன்னால், தாமதக் கணக்கு டிரைவரின் தலையில் விழும். அவரை அந்த நெருக்கடிக்கு ஆளாக்கக் கூடாது. வானிலைத் துறை கேரளத்தில் பருவமழை தொடங்கியதாக அறிவித்த சில நாட்களில் மழைக்கால அட்டவணை தானாக நடைமுறைக்கு வரும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். கொங்கண் ரயில் கழகத்தை இந்திய ரயில்வேயோடு இணைக்க மகாராஷ்டிர அரசு 2025-ல் இசைவு தந்தது. இணைப்பினால் பணம் வரும், இரட்டைப் பாதை வரும் என்கிறார்கள். வரட்டும். பாதையோரக் காவலர்களின் எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது.

பயணிகளின் பங்கிலும் கவனம் தேவை. மழைக்கால அட்டவணை தொடங்கியதும் கேரளத்திலிருந்து கிளம்பும் பல வண்டிகள் சில மணி நேரம் முன்னதாகவே புறப்பட்டுவிடும். ஏப்ரலில் எடுத்த டிக்கெட்டிலுள்ள நேரத்தை நம்பி ஜூனில் நிலையத்துக்குப் போய், காலி பிளாட்பாரத்தைப் பார்த்து நிற்கும் குடும்பங்கள் ஆண்டுதோறும் உண்டு. கிளம்புவதற்கு முந்தின நாள் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். விநாயக சதுர்த்தியை ஒட்டிய வாரத்தில் கொங்கண் வழியைத் தவிர்ப்பதும் நல்லது. அந்த வாரம் கொங்கணத்து மக்களுக்கு உரியது. மகாராஷ்டிரம், கோவா, கர்நாடகம், கேரளம் ஆகிய நான்கும் பங்குப் பணம் போட்டு உண்டான பாதை அது. தமிழ்நாடு அதில் பங்குதாரர் அல்ல. தங்கள் ஊரில் நிற்காமல் ஓடும் தென்னாட்டு வண்டிகளைப் பார்த்து அவர்களுக்கு ஏற்கெனவே மனத்தாங்கல் இருக்கிறது.

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கொங்கண் வழியில் வருகிறவர்கள் கொல்லத்தில் இறங்கி ஓர் இரவு தங்கி, மறுநாள் பகல் வண்டியில் புனலூர், தென்மலை, ஆரியங்காவு வழியாக ஊர் சேரலாம். 1904-ல் போட்ட இந்த மலைப்பாதையில் மீட்டர்கேஜ் வண்டி 2010-ல் நின்றது. 2018-ல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. பதின்மூன்று கண் பாலத்தின் மேல் ஆமைபோல் ஊர்ந்து, ஆரியங்காவுக் குகையைத் தாண்டி வெளியே வந்தால் நம் ஊர்க் காற்று முகத்தில் அடிக்கும். அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது.

கடைசியாக ஒரு கோரிக்கை. கொங்கண் வழியாக நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் நேரே போகும் வண்டிகள் குஜராத்திலிருந்து வருபவை. வாரத்தில் ஓரிரு நாள் மட்டுமே ஓடுபவை. வசாயிலும் பன்வேலிலும் அவற்றில் ஏறும் மும்பைத் தமிழருக்கு இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. மே மாதத்துக்கு மட்டுமாவது, விடியற்காலையில் பன்வேலிலிருந்து கிளம்பி, மாலைக்குள் கார்வாரைத் தொட்டு, நாகர்கோவில் வழியாக நெல்லை சேரும் சிறப்பு வண்டிகள் விட வேண்டும். ஏப்ரல் கடைசியில் அறிவித்தால் பயனில்லை. இப்போதே அறிவித்தால்தான் ஏழை எளியவர் முன்பதிவு செய்ய முடியும். மும்பையிலுள்ள தமிழ்ச் சங்கங்கள் ஆளுக்கொரு மனு கொடுக்காமல், ஒன்றுசேர்ந்து ஒரே மனுவாக இந்த வாரத்திலேயே மத்திய ரயில்வே பொது மேலாளரிடம் சேர்ப்பிக்க முன்வர வேண்டும்.