பணம் கொட்டிக் கிடந்தால் கேமராவோடு எங்கே போவேன்?

பணத்தைப் பற்றிக் கவலையே இல்லை என்று ஆகிவிட்டால் கேமராவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவீர்கள் என்று போட்டோப் பைத்தியம் பிடித்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பதில் தயாராக இருக்கும். நார்வேயில் இரவு வானத்தில் பச்சை ஒளி ஆடுவதை எடுக்க வேண்டும். கென்யாவில் சிங்கத்தை எடுக்க வேண்டும். கப்பலேறி அன்டார்டிகா போய்ப் பெங்குவினை எடுக்க வேண்டும். கூடவே பீரங்கி மாதிரி ஒரு லென்ஸ். அதன் விலைக்கு ஊருக்கு வெளியே ஒரு மனைக்கட்டே வாங்கிவிடலாம்.

எனக்கும் இந்த ஆசையெல்லாம் இல்லாமல் இல்லை. ரோலுக்குப் பன்னிரண்டு படம் விழும் அக்ஃபா கிளிக் த்ரீ கேமராவில் ஆரம்பித்தவன் நான். ஒவ்வொரு படத்துக்கும் கணக்குப் பார்த்து, மாதக் கடைசியில் முடிந்த ரோலைக் கழுவக் கொடுக்காமல் சம்பளம் வரும்வரை அலமாரியில் வைத்திருந்த தலைமுறை. எனவே 'பணம் தடையில்லை' என்ற பேச்சே காதில் தேனாகப் பாய்கிறது.

ஆனால் ஓய்வு பெற்ற பிறகு இதை நிதானமாக யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். கோடி ரூபாய் கையில் கொடுத்தாலும் நான் நார்வேக்குப் போகமாட்டேன். அந்தப் பச்சை ஒளி அடுத்த வருடமும் வரும், நூறு வருடம் கழித்தும் வரும். அதை எடுக்க ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள். பணம் என்று ஒன்று வந்தால் அதை நமக்காகக் காத்திருக்காத விஷயங்களுக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்பது என் கட்சி.

இது ஏதோ கையில் காசில்லாத பென்ஷன்காரன் தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும் பேச்சு என்று நினைக்க வேண்டாம். உண்மையிலேயே பணம் வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

ஆல்பர் கான் என்று ஒரு பிரெஞ்சு வங்கியாளர் இருந்தார். பெரும் பணக்காரர். 1909-லிருந்து 1931 வரை தன் செலவில் புகைப்படக்காரர்களைச் சம்பளம் கொடுத்து ஏறக்குறைய 50 நாடுகளுக்கு அனுப்பினார். இந்தியாவுக்கும் ஆள் வந்தது. அந்தக் காலத்தில் வண்ணப்படம் எடுக்க இருந்த 'ஆட்டோக்ரோம்' என்ற கண்ணாடித் தகட்டில் மொத்தம் 72,000 படங்கள். அந்தப் பணத்துக்கு அவர் உலக அதிசயங்களை மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கலாம். அவர் எடுக்கச் சொன்னது சந்தைக்காரிகளை, மீனவர்களை, தெருக்களை, வீட்டு வாசல்களை. இந்த வாழ்க்கை முறையெல்லாம் சீக்கிரம் மறைந்துவிடும், மறைவதற்குள் பதிந்து வைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1929-ல் பங்குச் சந்தை சரிந்தபோது அவருடைய செல்வமும் போயிற்று, திட்டமும் நின்றது. மனிதர் 1940-ல் காலமானார். பணம் போனாலும் படங்கள் நின்றன. பாரிஸை ஒட்டிய புலோன் நகரில் அவர் பேரிலேயே அருங்காட்சியகமாக இன்றும் இருக்கின்றன.

இன்னொருவர் ரஷ்யாவின் புரோகுதின்-கோர்ஸ்கி. இவருக்குப் பணக்காரர் அல்ல, பேரரசரே துணை. ஜார் இரண்டாம் நிக்கோலஸ் இவருக்கு இருட்டறை வசதியோடு ஒரு ரயில் பெட்டியைக் கொடுத்தார். ஒரே காட்சியை நீலம், பச்சை, சிவப்பு என மூன்று வடிகட்டிகள் வழியாக அடுத்தடுத்து எடுத்து, அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்து வண்ணம் காட்டும் முறை அவருடையது. புரட்சிக்கு முந்தைய ரஷ்யாவின் கிராமத்துப் பெண்களும் ஆலைத் தொழிலாளிகளும் இன்று நமக்கு வண்ணத்தில் தெரிகிறார்கள் என்றால் காரணம் அந்த ரயில் பெட்டி.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியை 1856-ல் சென்னை மாகாண அரசு தன் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் 1857 கடைசியிலும் 1858-லும் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றிப் படம் எடுத்தார். பெரிய பெரிய காகித நெகட்டிவ்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்று நாம் செல்போனைத் திருப்பி அரை நிமிடத்தில் எடுக்கும் பனோரமாவை அந்த மனிதர் அன்று எப்படிச் செய்தார் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

அந்த வேலை ஏன் நின்றது தெரியுமா? 1859-ல் சென்னைக்கு ஆளுநராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று நிறுத்திவிட்டார். கணக்குப் பார்த்ததில் அன்று மிச்சமான ரூபாய் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. எடுக்காமல் விட்ட கோயில்களும் மண்டபங்களும் அன்று எப்படி இருந்தன என்பதும் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆகவே 'பணம் தடையில்லை என்றால்' என்ற கேள்வியை வெறும் பகல்கனவு என்று என்னால் தள்ள முடியவில்லை.

சரி, என் பட்டியலுக்கு வருகிறேன். மூன்றே மூன்று.

முதலாவது தனுஷ்கோடி. இடிந்த தேவாலயத்தை எடுக்க அல்ல. அதை எடுக்காத ஆளே கிடையாது. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு அங்கே தினமும் திருவிழாக் கூட்டம். நான் எடுக்க நினைப்பது முகங்களை. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊர் அழிந்தது, பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலுக்குப் போனது. அன்று பத்து வயது இருந்தவருக்கு இன்று எழுபதுக்கு மேல். போட் மெயில் வந்து நின்றதையும், தலைமன்னார் கப்பல் கிளம்பியதையும், அந்த இரவையும் கண்ணால் பார்த்தவர்கள் இராமேஸ்வரம் தீவிலும் சுற்றுவட்டாரத்திலும் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, நல்ல வெளிச்சத்தில் ஒரு படம். பக்கத்திலேயே அவர் குரலில் அந்தக் கதை. சட்டம் போட்ட ஒரு பிரதி அவர் வீட்டுக்கு. இதற்கு விமான டிக்கெட் வேண்டாம். ஆறு மாதம் அங்கேயே வீடு எடுத்துத் தங்க வேண்டும். பணம் அதற்குத்தான். ஒரு நாளில் போய் எடுத்துவந்தால் முகம் கிடைக்கும், மனிதர் கிடைக்கமாட்டார்.

இரண்டாவது காவேரி. தலைக்காவேரியிலிருந்து பூம்புகார் வரை ஏறக்குறைய 800 கிலோமீட்டர். ஒரு முழு வருடம். சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'யைப் படித்தவர்களுக்கு இந்த ஆசை வராமல் இருக்காது. அவர்கள் எழுத்தில் செய்ததைப் படத்தில் செய்து பார்க்க வேண்டும். இதற்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். ஓர் இடத்தை ஒருமுறை மட்டும் எடுக்கக் கூடாது. ஆடிப்பெருக்கில் ஒரு தடவை, ஐப்பசி மழையில் ஒரு தடவை, சித்திரை வெயிலில் ஒரு தடவை, அதே படித்துறையில் அதே கல்லில் நின்று எடுக்க வேண்டும். ஆடி பதினெட்டுக்கு எடுத்த படத்தை மட்டும் பார்க்கிற பேரன், காவேரி வருடம் முழுக்க இப்படித்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வான். மே மாதத்தில் மணலும் கருவேலமுமாகக் கிடப்பதும் அதே ஆறுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆயிரம் மேடைப் பேச்சு செய்யாததை அது செய்யும்.

மூன்றாவது திட்டத்தில் நான் புதுப் படமே எடுக்கப்போவதில்லை. நம் ஊர்களில் பழைய ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவிட்டன. திரையில் வரைந்த தாஜ்மகால், மரக் குதிரை, வளைவு நாற்காலி, கோட்டும் டையும் இரவல் கொடுக்கும் முதலாளி. அந்த இடங்களின் பரணில் பெட்டி பெட்டியாக நெகட்டிவ்கள் இருந்தன. பலவற்றைப் பிலிமில் இருக்கும் வெள்ளிக்காக எடைக்குப் போட்டார்கள். கண்ணாடி நெகட்டிவ்களைச் சுரண்டிவிட்டு வெறும் கண்ணாடியாக்கினார்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடிப் பதிவுசெய்திருக்கிறது. நல்ல வேலை. என்னிடம் பணம் இருந்தால் தாலுகாவுக்கு ஒரு ஆளும் ஒரு ஸ்கேனரும் போட்டு அதே வேலையை ஊர் ஊராகச் செய்வேன். மிச்சம் இருக்கும் பெட்டிகளும் எடைக்குப் போவதற்குள் செய்ய வேண்டும்.

பணத்தாலும் ஆகாத ஓர் ஆசையையும் சொல்லிவிடுகிறேன். நீலக்குறிஞ்சி. மூணாறு மலையில் 2006-ல் பூத்தது. பிறகு 2018-ல் பூத்தது. அந்த ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்து சாலையெல்லாம் போனதால் பலரால் போக முடியவில்லை. அடுத்தது 2030. எத்தனை கோடி கொடுத்தாலும் அது ஒரு வருடம் முன்னால் பூக்காது. நம் வயதுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும். முழங்கால் ஒத்துழைத்தால் போவேன். இல்லாவிட்டால் பேத்தி எடுத்துவந்து காட்டட்டும்.

'இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது, எடுக்காத படமே இல்லை, இதற்கெல்லாம் தனியாகத் திட்டம் எதற்கு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். படத்துக்குப் பஞ்சமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் போனில் இருக்கும் பத்தாயிரம் படங்களில் எத்தனைக்குப் பேர் எழுதியிருக்கிறது? எத்தனையைக் காகிதத்தில் பிரிண்ட் போட்டிருக்கிறீர்கள்? போன் தண்ணீரில் விழுந்தால் பத்தாயிரமும் போயிற்று. ட்ரைப் எடுத்த படத்தைப் பார்த்து இது இன்ன ஊர், இன்ன கோபுரம், இந்த வருடம் என்று 160 வருடத்துக்கு மேலாகியும் சொல்ல முடிகிறது. போன வருடம் நம் குடும்ப குரூப்பில் வந்த படத்தில் இடது கோடியில் நிற்பவர் யாரென்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரிகிறதா?

எங்கள் வீட்டில் தாத்தாவுக்கு ஒரே ஒரு படம்தான் உண்டு. அவர் இறந்த பிறகு நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, மாலை போட்டு எடுத்தது. உங்களில் பலர் வீட்டிலும் அப்படி ஒன்று சுவரில் தொங்கியிருக்கும். படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று உயிரோடு இருக்கும்போது எடுக்கவிடமாட்டார்கள். செலவும் ஒரு காரணம். தாத்தா கண்ணைத் திறந்து பார்த்தால் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது. பாட்டிக்கு அதுவும் இல்லை. அவர்களுக்குப் பணம் உண்மையிலேயே தடையாக இருந்தது. நமக்கு அப்படிச் சொல்ல வாயில்லை.

இன்று ஒரு சாதாரணக் கல்யாணத்தில் போட்டோ, வீடியோவுக்கு மட்டும் லட்சக் கணக்கில் போகிறது. ட்ரோன் பறக்கிறது. மாப்பிள்ளை பெண்ணைக் கடற்கரைக்கும் மலைக்கும் கூட்டிப்போய்ச் சினிமா மாதிரி எடுக்கிறார்கள். எடுக்கட்டும், சந்தோஷம்தான். ஆனால் அதே மண்டபத்தில், பந்திக்குக் கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும் எண்பது வயது அத்தையை யாரும் தனியாக எடுப்பதில்லை. மேடையில் இருபது பேர் நடுவே பாதி முகம் தெரிவதோடு சரி. பிறகு பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும் என்று ஆதார் அட்டையைப் பெரிதாக்குகிறார்கள்.

அதனால் என் யோசனை இதுதான். வீட்டில் அடுத்த கல்யாணம் பேசும்போது போட்டோக்காரரிடம் அரை மணி நேரம் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலி போடுங்கள். வந்திருக்கும் பெரியவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் பேர், ஊர், பிறந்த வருடம், யாருக்கு என்ன உறவு என்று வரிசையாக எழுத ஒரு பையனை நிறுத்துங்கள். ஒரு வாரத்தில் பிரிண்ட் போட்டு அவரவர் வீட்டுக்கு அனுப்புங்கள். ட்ரோனுக்கு ஆகும் செலவில் கால்வாசி கூட ஆகாது.

வீட்டில் இருக்கும் பழைய ஆல்பத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இறக்குங்கள். படத்தின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தழும்பு விழும். மெதுவான பென்சிலால், லேசாக எழுதுங்கள். இடமிருந்து வலமாக யார் யார் என்று சொல்லத் தெரிந்தவர் அந்த வீட்டில் ஒருவர்தான் இருப்பார். அநேகமாக இதைப் படிக்கும் நீங்கள்தான் அவர்.