கழித்தல் கணக்கு

செவ்வாய்க்கிழமை காலை பேப்பரைப் பிரித்தபோது உள்ளேயிருந்து ஒரு வழவழ நோட்டீஸ் விழுந்தது. கொழுகொழு குழந்தைப் போட்டி. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை. எடை பார்க்கும் மெஷின் மண்டபத்திலேயே இருக்கும், பெற்றோர் பிறப்புச் சான்றிதழுடன் வரவும், முதல் பரிசு வெள்ளிக் கொலுசு. கன்னம் இரண்டும் உப்பிய ஒரு குழந்தை நோட்டீஸ் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தை நூறு வயது இருக்கட்டும். என் கோபம் போட்டியின் மேல்.

சின்ன வயதில் பொருட்காட்சிக்குப் போனால் இந்தப் போட்டி நடக்கும். மேடையில் இருப்பது குழந்தை, மார்க் வாங்குவது அம்மா. ஒரு பெண் பிள்ளையை ஒழுங்காக வளர்க்கிறாளா என்பதற்கு அத்தாட்சியை நம் ஊர் பிள்ளையின் கன்னத்திலும் தொடையிலும்தான் தேடுகிறது. தொடையில் மடிப்பு விழுந்தால் “அமுல் பேபி மாதிரி இருக்கான்.” விழாவிட்டால் “என்ன, தேறவே இல்லையே, பால் பத்தலையா?” கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் குழந்தையைக் கையில் வாங்கி, இரண்டு தடவை தூக்கிப் பார்த்து, தீர்ப்பைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நோஞ்சான் என்ற சொல்லைப் பெற்றவள் காதுபடச் சொல்ல யாருக்கும் நாக்கு கூசுவதில்லை.

இந்த வாரம் முழுப் பத்தியும் இதைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன். ஆனால் அன்றைக்கே திருமங்கலம் போகும்படி ஆயிற்று. அங்கே என் தங்கை மகள் இருக்கிறாள். அவளுடைய மகளுக்கு இப்போது இரண்டரை வயது. ஏழாம் மாதமே பிறந்துவிட்டவள். மூளை முடக்குவாதம். கையும் காலும் விறைத்துக்கொள்ளும், கழுத்து நிற்காது, விழுங்க வராது.

அவள் பிறந்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தபோது நான் எடுத்துக்கொண்டு போனது என் பாட்டியின் வெள்ளிப் பாலாடையை. அதைப் பற்றி ஏற்கெனவே இரண்டு முறை எழுதியிருக்கிறேன், பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். அகல் மாதிரிக் குழிவு, ஒரு பக்கம் நீண்ட மூக்கு, நாலு தலைமுறைப் பெண்களின் கட்டைவிரல் பட்டு விளிம்பில் ஓரிடம் மட்டும் தேய்ந்திருக்கும். குறைமாதக் குழந்தைகள் வார்டில் இருந்த நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, “எங்ககிட்டயே இருக்கும்மா” என்று கொதிக்கவைத்து எடுத்த ஸ்டீல் பாலாடைகள் ஒரு தட்டில் வரிசையாக இருந்ததைக் காட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. புட்டிப்பால் விளம்பரங்கள் ஒரு காலத்தில் நம் பாலாடையையும் சங்கையும் பரணுக்கு ஏற்றின. பால்புட்டிக்கும் பால்மாவுக்கும் விளம்பரம் செய்வதைத் தடுக்க 1992-இல் நாடாளுமன்றம் சட்டமே போட வேண்டியிருந்தது. பரணுக்குப் போன பொருள் தீவிர சிகிச்சைப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறது.

ஆங்கில மருத்துவ இதழ்களிலும் அதற்கு ‘பாலாடை’ என்றே பெயர். நம் நாட்டு மருத்துவர்கள் புட்டி, கோப்பை, பாலாடை மூன்றையும் பச்சிளம் குழந்தைகளிடம் ஒப்பிட்டு 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பாலாடையில்தான் பிள்ளைகள் குறைந்த நேரத்தில் அதிகப் பால் குடித்தார்கள், சிந்தலும் குறைவு. 2007-இல் இங்கிலாந்தில் குறைமாதக் குழந்தைகளிடம் செய்து பார்த்தபோது நேர்மாறாக வந்தது: பாலாடையில் நேரம் கூடியது, சிந்தலும் கூடியது. இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும் என்பது என் கட்சி. பாலாடையில் பால் எத்தனை சாய்வில் எவ்வளவு இறங்க வேண்டும் என்பது அதைப் பிடிக்கும் கைக்குத் தெரிய வேண்டும். பார்த்துப் பார்த்துப் பழகின கை வேறு, புதிதாகப் பிடித்த கை வேறு.

ஆனால் எங்கள் குழந்தைக்குப் பாலாடை ஆகவில்லை. பாலாடையோ சங்கோ கரண்டியோ, வாயில் விழுந்ததை விழுங்க வேண்டியது பிள்ளை. விழுங்கும் அந்த நொடியில் மூச்சு நின்று, மூச்சுக்குழலின் வாசல் மூட வேண்டும். இவளுக்கு அந்த வாசல் தாமதமாக மூடுகிறது. பால் நுரையீரல் பக்கம் போய்விடுகிறது. புரையேறி இருமினாலாவது தெரியும். இவள் இருமுவதில்லை, சத்தமில்லாமல் உள்ளே போகும். ஒரு வேளைப் பால் புகட்ட ஒரு மணி நேரம், அப்படி ஒரு நாளைக்கு ஏழெட்டு வேளை, அதற்கு மேல் முதல் பிறந்தநாளுக்குள் இரண்டு தடவை நிமோனியா. அதன் பிறகுதான் மூக்கில் குழாய் போட்டார்கள்.

அந்தக் குழாயை நம் ஆஸ்பத்திரிகளில் ஆயாவிலிருந்து பெரிய டாக்டர் வரை ரைல்ஸ் டியூப் என்பார்கள். ஜான் ரைல் என்ற ஆங்கில மருத்துவர் 1921-இல் கொண்டுவந்தது. அவர் அதைச் சாப்பாடு கொடுப்பதற்காகச் செய்யவில்லை, இரைப்பையில் சுரப்பதை வெளியே எடுத்துச் சோதிக்கச் செய்தார். வெளியே எடுக்க வந்த குழாயை உள்ளே கொடுக்கப் பயன்படுத்திக்கொண்டது உலகம். எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. 1943-இல், கையிலிருந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பதவியை விட்டுவிட்டு, ஆக்ஸ்ஃபோர்டில் சமூக மருத்துவத்துக்கு பிரிட்டனின் முதல் பேராசிரியராகப் போனார். நோயாளியின் உடம்பை மட்டும் பார்த்தால் போதாது, அவர் வாழும் வீட்டையும் வேலையையும் பார்க்க வேண்டும் என்பது அந்தத் துறை. அவர் திருமங்கலத்து வீட்டு முன்னறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று செவ்வாய்க்கிழமை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் உள்ளே நுழைந்தபோது பதினோரு மணி வேளை. “ஓடிக்கிட்டிருக்கு பெரியம்மா, உக்காருங்க” என்றாள், திரும்பாமல். குழந்தை சாய்த்துக் கட்டிய நாற்காலியில். கையில் குட்டிச் சாக்ஸ், குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க. கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டிய இடம் சிவந்து, பழைய பிளாஸ்திரி இருந்த இடம் கறுத்து. ஐம்பது மில்லி சிரிஞ்சின் தள்ளுகோலை எடுத்துவிட்டு வெறும் கூட்டைக் குழாயில் மாட்டி, கையால் உயரப் பிடித்துக்கொண்டிருந்தாள். கையை உயர்த்தினால் வேகமாக இறங்கும், வாந்தி வரும். தாழ்த்தினால் நின்றுவிடும். குழந்தையின் நெற்றியையும் புருவத்தையும் பார்த்தே கையை ஒரு விரற்கடை ஏற்றி இறக்கினாள். ஒவ்வொரு வேளையும் ஆரம்பிக்கும் முன் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, சோதனைத் தாளில் வைத்து, குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர். பிறகு அரை மணிக்குக் குறையாமல் படுக்க வைக்கக் கூடாது. அதற்குள் மருந்து, துடைப்பு, அடுத்த வேளைக்கு அரைப்பு.

சொல்லவேண்டுமே என்று, “நல்லா ஊட்டுறடி” என்றேன்.

“நான் இவளுக்கு எங்க பெரியம்மா ஊட்டுனேன்? விடுறேன்” என்றாள்.

தமிழில் இதற்கு எத்தனை வினை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சோறு ஊட்டுகிறோம், பால் புகட்டுகிறோம், மருந்து கொடுக்கிறோம், பசியாற்றுகிறோம். குழாயில் போவதற்கு அவளுக்குக் கிடைத்தது, விளக்குக்கு எண்ணெய் விடுவதற்கும் செடிக்குத் தண்ணீர் விடுவதற்கும் நாம் வைத்திருக்கும் சொல். நான் அவளோடு வாதாடினேன். மூன்று மணிக்கு ஒரு தரம், இரவிலும் அலாரம் வைத்து எழுந்து, பிள்ளையின் புருவத்தைப் பார்த்து அளவு கூட்டிக் குறைப்பவள் ஊட்டாமல் வேறு என்ன செய்கிறாள்? அவள் சிரித்துக்கொண்டாள். நம்பினாளா தெரியாது.

உள்ளே போனது கேழ்வரகுக் கஞ்சி, பால், ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெய். குழந்தையின் இரைப்பை சின்னது, ஒரு வேளைக்கு நூற்றிருபது மில்லிக்கு மேல் தாங்காது. அந்தச் சின்ன அளவுக்குள் எவ்வளவு சத்து திணிக்கலாம் என்பதுதான் அந்த வீட்டின் சமையல் சாஸ்திரம். கஞ்சியைக் கெட்டியாக வைத்தால் குழாயில் இறங்காது, தண்ணியாக வைத்தால் வெறும் வயிறு நிறையும். அதற்கு அவள் கண்டுபிடித்த வழியைப் பார்த்து அசந்துவிட்டேன். கெட்டிக் கஞ்சியை இறக்கி, கொதி அடங்கி, சூடு இருக்கும்போதே, முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவு ஒரு ஸ்பூன் போட்டுக் கிளறுகிறாள். என் கண்ணெதிரே கஞ்சி இளகி ஓட ஆரம்பித்தது. முளைவிட்ட தானியத்தில் ஊறும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை அறுத்துவிடுகிறது. தண்ணீர் கூடாமலே கஞ்சி தளர்கிறது. பரோடாவில் தாரா கோபால்தாஸ் 1980-களில் இதை ஏழைக் குழந்தைகளின் கஞ்சிக்காக ஆராய்ந்து எழுதினார். இவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது சத்துணவு ஆலோசகர். வெள்ளைத் துணியில் வடிகட்டுவது மட்டும் எங்கள் வீட்டுப் பழக்கம்.

கஞ்சி இறங்கி முடிந்ததும், “இன்னிக்கு வெயிட் பாக்கணும்” என்று குளியலறை எடை மெஷினை இழுத்துப் போட்டாள். நிற்க முடியாத பிள்ளையை எப்படி நிறுப்பது? இவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். 55.4. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தனியாக ஏறினாள். 47. நோட்டில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, கோடு கிழித்து, கழித்தாள். 8.4.

இரண்டு கிலோ ஏறியிருக்கிறாள் ஒரு வருடத்தில். அட்டையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சிக் கோடுகளில் இவளுடைய புள்ளி எப்போதும் கடைசிக் கோட்டுக்கும் கீழேதான் விழும். அந்தக் கோடுகள் தில்லி உட்பட ஆறு நாட்டு ஊர்களில் நல்ல உடல்நலத்தோடு வளர்ந்த குழந்தைகளை வைத்து 2006-இல் வரையப்பட்டவை. மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கென்றே கலிஃபோர்னியாவில் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் எடையை வைத்து 2011-இல் தனிக் கோடுகள் வெளியாயின. அதிலும் குழாய்வழி உணவு பெறும் குழந்தைகளுக்குத் தனிப்படம். டாக்டர் அதில் புள்ளி வைத்துக் காட்டியிருக்கிறார். இந்தக் குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்றுதான் இது சொல்கிறது, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அல்ல, என்றும் எச்சரித்திருக்கிறார். அது அவளுக்குப் புரிந்தது. ஆனாலும், “மொத தடவையா கோட்டுக்குள்ள வந்தா பெரியம்மா” என்று அந்தத் தாளை பீரோவில் நகைப்பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

அவள் குழந்தையின் எடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். போன வருடம் இதே மாதம்: 59.6, கீழே 53.2, கழித்தால் 6.4. நடுவில் ஒவ்வொரு மாதமும் அதேபோல் மூன்று எண். கோட்டுக்குக் கீழே உள்ள எண் ஏறுகிறது. கோட்டுக்கு மேலே உள்ள எண் இறங்கிக்கொண்டே வருகிறது. 53.2, 52, 51.5, 49.8. ஒரு வருடத்தில் ஆறு கிலோவுக்கு மேல் அவள் உடம்பிலிருந்து போயிருக்கிறது. அவள் கைப்பட, அவள் நோட்டிலேயே எழுதியிருக்கிறது. கழிப்பதற்காக எழுதிய எண் என்பதால் யாரும் அதைப் படிக்கவில்லை. அவளும்தான்.

ரைல் இதைத்தான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

அந்த வீட்டுக்கு ஆள் வராமல் இல்லை. வருகிறவர்கள் எல்லாம் ஹார்லிக்ஸும் ஆலோசனையும் கொண்டுவருகிறார்கள். நேந்திரம்பழப் பொடி கொடு, வசம்பு தேய், ஆட்டுக்கால் சூப் வை. அரசாங்கம் மாதாமாதம் பராமரிப்புத் தொகை தருகிறது, தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடம் ஒரு லட்சம் வரை செலவு கேட்கலாம். இரண்டும் பெரிய உதவி. ஆனால் அந்தச் சிரிஞ்சைப் பிடிக்க இரண்டாவது கை அந்த வீட்டில் இல்லை. அவள் கணவர் லாரி ஓட்டுகிறார். மாமியாருக்குக் கை நடுக்கம். என் தங்கைக்குப் பயம், “எனக்கு மூச்சு முட்டிருமோன்னு இருக்குக்கா.” நானும் இரண்டரை வருடமாகப் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அந்த நோட்டில் இறங்கிய ஆறு கிலோவில் என் பங்கும் இருக்கிறது.

மாதக்கணக்கில் மூக்கில் குழாய் வேண்டாம், வயிற்றிலேயே வைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கிறார். “வயித்துல ஓட்டை போடணுமாம்” என்று வீட்டில் எல்லோரும் மிரண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் கிளீவ்லாண்டில் 1979 ஜூன் மாதம், வயிற்றைக் கிழித்துத் திறக்காமல் காடெரரும் பொன்ஸ்கியும் இதை முதன்முதலில் செய்தது நாலரை மாதக் குழந்தைக்குத்தான் என்று அவளிடம் சொன்னேன். வாய் வழியாக விட்ட எண்டாஸ்கோப்பின் வெளிச்சம், இருட்டாக்கிய அறையில் அந்தப் பிஞ்சு வயிற்றுத் தோலின் வழியே தெரியும். வெளிச்சம் தெரிகிற இடம்தான் ஊசி போகவேண்டிய இடம். அவள் மகளின் வயிற்றில் கைவைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்று: “அதுக்கப்புறமும் ருசி காட்டலாமா?”

ஏனென்றால் அவள் ஒவ்வொரு வேளையும் குழாயில் கஞ்சி இறங்கும்போது, தெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி, விரலில் ரசத்தைத் தொட்டு மகளின் உதட்டில் தடவுகிறாள். வாய்க்குத் தெரியாமல் வயிறு நிறையக் கூடாது என்று. அன்றைக்கு என் பாட்டியின் பாலாடையில்தான் அந்த ரசம் இருந்தது. காட்டலாம், டாக்டரிடமும் தெரபிஸ்டிடமும் கேட்டுக்கொண்டு காட்டலாம் என்றேன்.

இரண்டு மணி வேளைக்குச் சோதனைத் தாள், சிரிஞ்சு, கஞ்சி எல்லாம் அவள் தயார் செய்தாள். சிரிஞ்சை நான் வாங்கிக்கொண்டேன். என் முழங்கையைப் பிடித்து உயரம் காட்டினாள். இரண்டு முறை சரிபார்த்தாள். புருவத்தைப் பார்க்கச் சொன்னாள். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.

“கையை இறக்காதீங்க பெரியம்மா!”

“இறக்கலடி.”

“புருவம் சுருங்குதா?”

“இல்ல, என்னையே பாக்குறா.”

பத்து நிமிடத்தில் தோள்பட்டை கடுக்க ஆரம்பித்தது. கஞ்சி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. வந்துவிடுவாள் என்று நினைத்தேன். சீயக்காய் வாசனை வந்தது. மறுபடி தண்ணீர்ச் சத்தம் கேட்டது.