புண்ணுக்கு முதல் மருந்து தண்ணீர்

மில்லில் இயந்திரம் கையைக் கிழிக்கிறது. வயலில் கதிர் அரிவாள் விரலைப் பதம் பார்க்கிறது. நாம் என்ன செய்கிறோம்? கையில் கிடைத்த கந்தையைச் சுற்றிக்கொண்டு வேலையை முடிக்கிறோம். மாலையில் மருந்துக் கடைக்குப் போய், “செப்டிக் ஆகாமல் இருக்க” என்று நாலு மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். சிலர் கேப்சூலை உடைத்துத் தூளைப் புண்ணில் தூவுகிறார்கள். நாளை வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. அந்தப் பயம்தான் மாத்திரையைத் தேட வைக்கிறது.

அந்த நாலு மாத்திரை நம்மைக் காக்குமா? காக்காது, தோழர்களே!

புண்ணைச் சீழ் பிடிக்க வைப்பவை கிருமிகள். மண், எண்ணெய்ப் பிசுக்கு, செத்த சதை ஆகியவற்றில் அவை குடியிருக்கின்றன. செத்த சதையில் ரத்த ஓட்டம் இல்லை. விழுங்கிய மருந்து அங்கே போய்ச் சேராது. ஆகவே, அழுக்கை வெளியேற்றுவதே முதல் வைத்தியம். ரத்தம் பெருகினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். பிறகு சுத்தமான தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கழுவுங்கள். சுற்றிலும் உள்ள தோலைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கட்டுப் போடுங்கள். சாணம், காப்பித் தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

மண்ணிலும் சாணத்திலும் ரண ஜன்னிக் கிருமி இருக்கிறது. அதற்குக் காவல் தடுப்பூசி, மாத்திரை அல்ல. சர்க்கார் ஆஸ்பத்திரியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஆன்டிபயாடிக் மருந்தே வேண்டாமா? வேண்டும். மண் புகுந்த ஆழமான குத்து, நசுங்கிய விரல், எலும்பு வெளியே தெரியும் முறிவு ஆகியவற்றுக்குச் சீழ் பிடிக்கும் முன்பே டாக்டர் கொடுப்பார். அவர் சொன்ன அளவு, சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும். புண் வீங்கிச் சிவந்தாலும், காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம்தான் போக வேண்டும். மருந்துக் கடைக்கு அல்ல.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்றபோதே எச்சரித்தார்: அரைகுறை அளவு மருந்து கிருமியைக் கொல்லாது; மருந்தை எதிர்க்கப் பழக்கிவிடும். அது பலித்துவிட்டது. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-ஆம் வருஷம் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

“தொழிலாளியின் அறியாமை” என்று சொல்லி முதலாளிகள் கை கழுவ முடியாது. காயத்தைக் கழுவக் குழாய் எங்கே? 150 தொழிலாளிகளுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது வேண்டும் என்று 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. உங்கள் மில்லில் உள்ள பெட்டியைத் திறந்து பாருங்கள். பஞ்சு உண்டா? கட்டுத்துணி உண்டா? சாவி யாரிடம்? வயலுக்கோ அந்தச் சட்டம் எட்டியதே இல்லை. கூலி பேசும்போதே ஒரு குடம் சுத்தமான தண்ணீரையும், சோப்பையும், கட்டுத்துணியையும் சேர்த்துப் பேசுங்கள். காயம் ஆறும்வரை சம்பளத்துடன் லீவு கேளுங்கள்.

இவற்றைத் தனியாகக் கேட்டால் கிடைக்காது, சங்கமாகக் கேளுங்கள்!